எரிமலையை அளந்த கப்பற்காரர்



1978இல் வெளிவந்த ‘அந்தமான் காதலி’ படத்தை உங்களில் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த அந்தமானின் தலைநகருக்கு அப்போது போர்ட் பிளேர் என்று பெயர். “பிளேர்னா யாரு சார்?” என்று ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னைக் கேட்டுவிட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அன்றிரவே தேடிப் படித்தேன். ஓர் ஊரைத் தேடிப் போன எனக்கு எரிமலை ஒன்றும் சேர்ந்து அகப்பட்டது.

ஆர்ச்சிபால்ட் பிளேர் 1752இல் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்க் கடற்படையில் 1771இல் பயிற்சி மாலுமியாகச் சேர்ந்தார். அவர் பேர் வாங்கியது பீரங்கிச் சண்டையில் அல்ல, அளக்கும் வேலையில்தான். நம் தோட்டத்துக்குச் சர்வேயர் வந்து கல் நட்டுவிட்டுப் போகிறார் அல்லவா? அதே வேலையைக் கடலில் செய்தவர். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்ப்பார். கரை எங்கே வளைகிறது, பாறை எங்கே மறைந்திருக்கிறது என்று வரைபடத்தில் குறிப்பார். 1780இல் பிரெஞ்சுக்காரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சிறை வாழ்வு 1784 வரை நீடித்தது. வெளியே வந்ததும் மறுபடியும் அதே கயிறு, அதே குண்டு!

புயலில் சிக்கும் கப்பல்கள் ஒதுங்க வங்கக் கடலில் ஒரு நல்ல துறைமுகம் வேண்டும் என்று கம்பெனி நினைத்தது. 1788 டிசம்பரில் ‘எலிசபெத்’, ‘வைப்பர்’ என்னும் இரண்டு கப்பல்களோடு பிளேர் கல்கத்தாவிலிருந்து அந்தமானுக்குப் புறப்பட்டார்.

அந்தப் பயணத்தில்தான், 1789ஆம் ஆண்டு, பாரன் தீவை அவர் கண்டார். இன்றைய தலைநகருக்கு வடகிழக்கே ஏறக்குறைய 140 கிலோமீட்டர் தொலைவில், ஆளில்லாத தீவு அது. குறுக்களவு மூன்று கிலோமீட்டர்தான். விளிம்பு ஓரிடத்தில் உடைந்துபோன மண்சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவே நெல்லைக் கூம்பாகக் குவித்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது அந்தத் தீவு. உடைந்த பக்கம் மேற்கே. அங்கே கப்பலை நிறுத்தினால் நடுக்கூம்பு அடி முதல் நுனி வரை தெரியும்.

பிளேர் போன நேரம் அந்தக் கூம்பு சீறிக்கொண்டிருந்தது. புகை திரள் திரளாக எழும்பியது. சிவக்கக் காய்ந்த கற்கள் மழைபோல் விழுந்தன. நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? சாமியைக் கும்பிட்டுவிட்டுப் பாயை விரித்து ஓடியிருப்போம். அவர் என்ன செய்தார், பாருங்கள். கூம்பின் சரிவை அளந்தார்: 32 பாகைக்குச் சற்று மேல். குன்றில் பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு அந்தச் சரிவு எப்படிப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வந்து விழுந்த கற்களில் சில மூன்று நான்கு டன் எடை இருக்கும் என்று மதிப்பிட்டார். உயரம் ஏறத்தாழ 1800 அடி என்று எழுதினார். இது மட்டும் தப்பு! பின்னால் அளந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் அடி என்றுதான் கண்டார்கள். நம் லேடாங் மலையில் கால்வாசி கூட வராது. நெருப்பின் முன்னே நிற்கும்போது மலை பெரிதாகத்தானே தெரியும்!

நிலத்தட்டு ஒன்று இன்னொன்றின் அடியில் நுழைவதால் அங்கே பாறை உருகி மேலே வருகிறது. சுமத்ராவின் எரிமலைகளும் இதே வரிசைதான். நமக்குச் சம்பந்தமில்லை என்று எண்ண வேண்டாம். சிகாமட் வட்டாரத்தில் மரங்கள் செழிக்கும் செம்மண் இருக்கிறதே, அதில் ஒரு பகுதி என்றோ அணைந்துபோன எரிமலைப் பாறை மக்கி உண்டானது.

துறைமுகத்துக்கு வருவோம். தெற்கு அந்தமானில் சாத்தம் தீவருகே நல்ல இடம் ஒன்றைப் பிளேர் தேர்ந்தெடுத்தார். 1789 செப்டம்பரில் குடியேற்றம் தொடங்கியது. தன் பெயரை அவர் வைக்கவில்லை. கடற்படைத் தலைவர் கார்ன்வாலிஸின் பெயரை வைத்தார். அந்தத் தலைவருக்கோ வடகிழக்கில் இருந்த வேறொரு துறைமுகம் பிடித்துப்போயிற்று. 1792இல் எல்லாரையும் அங்கே மாற்றினார்கள். அங்கே நோய் பிடித்தது. ஆள் மேல் ஆளாகச் செத்தார்கள். 1796இல் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போனார்கள். செத்தவர்களில் கூலிக்கு மண் வெட்டப் போனவர்கள் எத்தனை பேரோ! மேலிடத்து உத்தரவுக்கு அடிமட்டத்து ஆள் உயிரைக் கொடுத்த கதை நம் பாட்டன் பூட்டன் காலத்திலும் உண்டு. எனக்கு இந்த இடத்தைப் படிக்கும்போது மனசு கேட்கவில்லை.

பிளேர் இங்கிலாந்து திரும்பினார். 1799இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1815இல் இறந்தார். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு கைதிகளை வைக்க இடம் தேடிய ஆங்கிலேயர், 1858இல் அவர் முதலில் காட்டிய இடத்துக்கே திரும்பி வந்தார்கள். அப்போதுதான், அவர் இறந்து 43 ஆண்டு கழித்து, ஊருக்குப் போர்ட் பிளேர் என்று பெயர் வைத்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. அந்தக் காட்டில் பரம்பரை பரம்பரையாக வாழ்ந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1858க்குப் பின் வந்த நோய்களில் பெரிய அந்தமானியர் என்ற இனம் ஏறக்குறைய அழிந்தே போயிற்று. அதற்குப் பிளேரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த மாட்டேன். ஆனால் அந்தக் கரைக்கு வழி காட்டியது அவர் வரைந்த படம்தான்.

பிற்காலத்தில் நம்மவர்களும் அங்கே போனார்கள். 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலைநாட்டுத் தமிழர்களில் சிலரை நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். அங்கேயும் மங்கு, அங்கேயும் பால்!

எரிமலை 19ஆம் நூற்றாண்டில் அடங்கிவிட்டது. செத்துவிட்டதென்றே பலர் நினைத்தார்கள். 1991இல் விழித்துக்கொண்டது. நெருப்புக் குழம்பு கூம்பிலிருந்து இறங்கி, பிளேர் கண்ட அதே மேற்கு உடைப்பின் வழியே ஓடிக் கடலைத் தொட, தண்ணீர் ஆவியாய்ப் பொங்கியது. விஞ்ஞானிகள் பழைய கதையைத் தேடியபோது முதலில் புரட்டியவற்றில் பிளேரின் குறிப்பும் ஒன்று. அதன் பிறகும் பலமுறை அது குமுறியிருக்கிறது.

2024 செப்டம்பரில் இந்திய அரசு போர்ட் பிளேரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டது. கேட்ட மாணவனிடம் இதையும் சொன்னேன். “அப்ப அந்த எரிமலைக்கு, சார்?” என்றான். அதற்குப் பழைய பெயரேதான். அங்கே தரையிறங்க உல்லாசப் பயணிகளுக்கு அனுமதி கிடையாது. கப்பலில் இருந்தபடியே புகையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.