பசையைப் பற்றியும் யோசித்த கலிலியோ

போன மாதம் நம்ம சுவர்ப் பத்திரிகைத் தாள் ஒரு மூலையில் பிரிந்து, சாயங்காலத்துக்குள் முழுசா கீழே விழுந்துவிட்டது. மைதாப் பசை காய்ச்சி ஒட்டினது நான்தான். எல்லாரும் என்னையே பார்த்தாங்க. ஒரு பொருள் இன்னொன்றோடு ஏன் ஒட்டுது, எப்போ விடுது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். இதே கேள்வியை கலிலியோ 1638-லேயே ஒரு புத்தகத்தில் கேட்டிருக்கிறார்!

நமக்கு அவரைத் தொலைநோக்கியோடுதான் தெரியும். இத்தாலியில் பைசா நகரத்தில் 15.2.1564-ல் பிறந்தார். அப்பா இசைக் கலைஞர். தந்தியில் எடையைத் தொங்கவிட்டு சுருதி எப்படி மாறுது என்று சோதித்தவர். மகனுக்கும் அந்தப் பழக்கம் அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். பதுவாவில் 18 வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்தார். 1610-ல் வியாழனின் 4 நிலாக்களைக் கண்டார்.

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று எழுதினதுக்காக 1633-ல் ரோமில் விசாரணை நடந்தது. 69 வயசுக்காரரை முழங்கால் போட வைத்து, அந்தக் கருத்தை விட்டுவிட்டேன் என்று சொல்ல வைத்தார்கள். பிறகு வீட்டுக் காவல். அடுத்த வருஷமே கன்னியாஸ்திரியாக இருந்த மூத்த மகள் 33 வயசில் இறந்துபோனார். அவர் மேல் உயிரையே வைத்திருந்தவர் கலிலியோ. இதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தத் துக்கத்திலும் அவர் எழுதினது, கயிறும் மரமும் கல்லும் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைப் பற்றி. பளபளவென்று தேய்த்த இரண்டு பளிங்குப் பலகையை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் பக்கவாட்டில் சுலபமா நகரும். மேலே தூக்கினால் அடிப்பலகையும் கூடவே வரும். (இரண்டு கண்ணாடித் துண்டைத் தண்ணீர் தொட்டு வைத்து நானும் பார்த்தேன். நிஜம்தான்!) நடுவில் வெற்றிடம் வர இயற்கை விடாததுதான் காரணம் என்றார். அந்த விசையை அளக்கவும் வழி சொன்னார். உருளையில் காற்றில்லாமல் தண்ணீர் நிரப்பித் தலைகீழாக்கி, அடைப்பில் வாளியைத் தொங்கவிட்டு, அடைப்பு பிரிகிற வரைக்கும் மணல் கொட்ட வேண்டும். ஆனால் பளிங்குத் தூண் உடைய இதைவிட அதிக பாரம் வேண்டுமே? அப்போ உள்ளே பசை மாதிரி வேறு ஏதோ இருக்கிறது என்று கணக்குப் போட்டார்.

வெற்றிடம் பற்றி அவர் சொன்னது தவறு. காற்றின் எடைதான் காரணம் என்று அவர் சீடர் டாரிசெல்லி 1644-ல் எழுதினார். கலிலியோ அதைப் பார்க்கவில்லை. இரண்டு கண்ணும் போய், 8.1.1642-ல் காவலிலேயே இறந்துவிட்டார்.

இப்போ விமானத்தின் பாகங்களைக்கூட பசையால் ஒட்டுகிறார்கள். அந்தப் பசையையும் இழுத்துத்தான் சோதிக்கிறார்கள். ஒட்டின இரண்டு தகட்டை நீளவாக்கில் இழுத்தால் நிறைய தாங்கும். ஓரத்திலிருந்து உரித்தால் சீக்கிரம் வந்துவிடும். நம்ம தாள் விழுந்ததும் அப்படித்தான், மூலையிலிருந்து. இந்தத் தடவை நாலு மூலைக்கும் பசை கூடவே தடவியிருக்கேன். தயவுசெய்து யாரும் நோண்டிப் பார்க்காதீங்க.

— 9-ஆம் வகுப்பு மாணவி