சட்டத்தால் வழி திறந்த பெருந்தலைவர் எம்.சி. ராஜா

மனிதர் யாவரும் சமம் என்று ஏட்டில் எழுதி வைத்தல் எளிது. அச்சமத்துவத்தை மறுப்பவனின் கையைப் பிடித்து நிறுத்துதல் அரிது. ஏட்டிலுள்ள உரிமை தெருவில் நடக்கும் ஏழைக்குத் துணை வரவேண்டுமாயின் மூன்று தேவை. உரிமையைத் தெளிவாகக் கூறும் சட்டம் ஒன்று. அதை மீறுவோர்க்குத் தண்டனை மற்றொன்று. வழக்கத்தினும் சட்டமே பெரிது எனத் தீர்ப்பளிக்கும் நீதிமன்றம் மூன்றாவது. சென்னை மாகாணத்தில் இம்மூன்றையும் ஒரே சட்டத்தில் அமைத்துத் தந்த பெருமகனார் மயிலை சின்னத்தம்பி ராஜா ஆவார். வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் மலரில் அன்னாரின் வரலாறு இடம்பெறுதல் மிகவும் பொருத்தமே. ஏனெனில், அவர் முதலில் ஆசிரியர். பின்னரே அரசியல் தலைவர்.

பிறப்பும் கல்வியும்

ராஜா அவர்கள் 1883ஆம் ஆண்டு சூன் திங்கள் 17ஆம் நாள் சென்னையை அடுத்த பரங்கிமலையில் பிறந்தார். வெஸ்லி பள்ளியிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்றார். பயின்றபின் ஆசிரியப் பணியை மேற்கொண்டார். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல்களும் எழுதினார். ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்த ஒருவர் பிறர் பிள்ளைகளும் படிக்கும் நூல்களை எழுதியது அக்காலத்தில் சிறிய செய்தியன்று.

அவர் பிறந்த அதே ஆண்டில் கடல் கடந்த அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒன்றை இங்கு நினைவுகூர்தல் நலம். அந்நாட்டில் உள்நாட்டுப் போருக்குப் பின் 1865இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. 1868இல் ஏற்கப்பட்ட பதினான்காம் திருத்தம், சட்டத்தின் சமமான பாதுகாப்பை எவருக்கும் எந்த மாநிலமும் மறுத்தல் ஆகாது என்றது. அதன் வழியில் 1875இல் இயற்றப்பட்ட குடிமை உரிமைச் சட்டம், தங்கும் விடுதி, ஊர்தி, நாடக அரங்கு ஆகியவற்றில் கறுப்பின மக்களை விலக்குதல் குற்றம் என்றது. ஆனால் 1883 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அப்பகுதியைச் செல்லாது எனத் தள்ளிவிட்டது. பதினான்காம் திருத்தம் அரசின் கையைத்தான் கட்டும். விடுதிக்காரன் போன்ற தனி மனிதனின் கையைக் கட்டாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். அந்தக் கதவு மீண்டும் திறக்க 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம் வரை எண்பத்தோர் ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

இதனை நாம் ஆழ்ந்து எண்ணல் வேண்டும். நம் மக்களைக் கிணற்றினின்றும் தெருவினின்றும் விலக்கியது பெரும்பாலும் அரசாணை அன்று. அண்டை வீட்டானும், கடைக்காரனும், ஊர் வழக்கமுமே. ஆகவே, அரசை மட்டும் கட்டுப்படுத்தும் உரிமை நமக்குப் பாதி உரிமையே. இந்த உண்மையை ராஜா அவர்களின் சட்டமன்றப் பணி முழுவதிலும் காணலாம்.

பெயரும் பாதையும்

1920இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அவர் இடம்பெற்றார். நீதிக் கட்சியைச் சார்ந்து நின்று பணியாற்றினார். 1922இல் அவர் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாக, இழிவு தொனிக்க வழங்கிய பறையர், பஞ்சமர் என்னும் சொற்களுக்கு மாற்றாக ஆதிதிராவிடர் என்னும் பெயரை அரசு ஏற்றது. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்போர் உளர். அரசு ஏட்டில் தலை நிமிர்ந்த பெயர் பெறாதவன், அரசு அலுவலகத்தில் தலை நிமிர்ந்து நிற்பது எங்ஙனம்?

1921இல் சென்னை ஆலை வேலைநிறுத்தத்தை ஒட்டிப் புளியந்தோப்பில் மூண்ட கலவரமும், அதில் ஆதிதிராவிடர்மீது சுமத்தப்பட்ட பழியும் அவர் உள்ளத்தைப் புண்படுத்தின. 1923இல் நீதிக் கட்சியை விட்டு விலகினார். கட்சி பெரிதன்று, மக்களே பெரியர் என்பது அவர்தம் கொள்கை.

1924இல் மற்றொரு பெருந்தலைவராகிய இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், பொதுத் தெருக்களிலும் பாதைகளிலும் எவரும் தடையின்றி நடக்கலாம். பொதுக் கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேறச் செய்தார். அது வரலாற்றுச் சிறப்புடைய தீர்மானம். எனினும் தீர்மானம் உரிமையை அறிவிக்கும், தடுப்பவனைத் தண்டிக்காது. அக்குறையைப் போக்கும் முழுமையான சட்டம் பின்னும் தேவைப்பட்டது.

ராஜா அவர்கள் 1926இல் அகில இந்திய ஒடுக்கப்பட்டோர் சங்கத்தின் தலைவரானார். தில்லியில் மத்திய சட்டமன்றத்திலும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் நம் குரலை ஒலித்தார். 1932இல் தனித்தொகுதி குறித்து அண்ணல் அம்பேத்கர் ஒரு பக்கமும், கூட்டுத் தொகுதியை ஏற்று டாக்டர் மூஞ்சேயுடன் உடன்பாடு செய்துகொண்ட ராஜா மறு பக்கமும் நின்றனர். அந்த உடன்பாட்டை இன்றும் குறை கூறுவோர் பலர். அதனை மறைத்து வரலாறு எழுதுதல் முறையன்று. ஆயினும் 1942இல் கிரிப்ஸ் தூதுக்குழு வந்தபோது அவ்விருவரும் ஒன்றாகச் சென்று நம் மக்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என வாதாடினர் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

1938ஆம் ஆண்டுச் சட்டம்

1937இல் சில திங்கள் நீடித்த இடைக்கால அமைச்சரவையில் ராஜா அமைச்சராக இருந்தார். அதன்பின் இராஜாஜி அவர்கள் முதன்மை அமைச்சராயிருந்த காலத்தில், சட்டமன்ற உறுப்பினர் என்ற நிலையில் அவர் கொண்டுவந்த மசோதாவே 1938ஆம் ஆண்டின் சென்னைக் குடிமைத் தகுதியின்மை நீக்கச் சட்டமாயிற்று. ஆறு, கிணறு, குளம், பாதை, ஊர்தி முதலியவற்றையும், பொதுமக்களுக்குத் திறந்துள்ள சமயச் சார்பற்ற பிற இடங்களையும் பயன்படுத்தவொட்டாமல் நம் மக்களைத் தடுத்தல் குற்றம் என்றது அச்சட்டம். அரசுப் பதவிக்குத் தீண்டாமை தடையாகாது என்றது. முதற் குற்றத்துக்குச் சிறு அபராதம். மீண்டும் செய்தால் கூடுதல் தண்டனை. அனைத்தினும் மேலாக, இழிவைச் சுமத்தும் எந்த வழக்கத்தையும் நீதிமன்றம் ஏற்கலாகாது என்றும் விதித்தது. அதுவரை ஊர் வழக்கம் என்ற சொல்லே ஆதிக்கக்காரரின் கேடயம். அக்கேடயம் அன்று சட்டத்தின் முன் முறிந்தது. இந்தியாவில் இத்தகைய விரிவான தண்டனைச் சட்டங்களுள் இதுவே முதலாவது என்பர்.

அதே ஆண்டில் அவர் கொண்டுவந்த கோயில் நுழைவு மசோதாவோ தோல்வியுற்றது. மாகாணம் முழுமைக்கும் சட்டம் செய்யக் காலம் கனியவில்லை எனக் கருதிய அரசு, மலபார்ப் பகுதிக்கு மட்டும் தனிச் சட்டம் செய்தது. மசோதாவைத் திரும்பப் பெறுமாறு கேட்டபோது ராஜா இணங்கவில்லை. தோற்பினும் வாக்கெடுப்பில் தோற்பதே மேல் என்று நின்றார். மாகாணம் முழுமைக்குமான கோயில் நுழைவுச் சட்டம் 1947இல் வந்தது. அதைக் காண அவர் இல்லை. 1943 ஆகஸ்டிலேயே மறைந்தார்.

விதைத்ததும் விளைந்ததும்

1950 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15ஆம் பிரிவு கடை, விடுதி, கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் சாதியால் எவரையும் விலக்கலாகாது என்றது. அமெரிக்காவில் 1883இல் அடைபட்ட கதவை நம் அரசியலமைப்பு முதல் நாளிலேயே திறந்து வைத்தது எனலாம். உரிமை மீறப்பட்டால் 32ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றத்தையும், 226ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தையும் நேரே அணுகலாம். 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. 1976இல் அது குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப் புதுப்பெயர் பெற்றுக் கடுமையாக்கப்பட்டது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ, கடமையில் தவறும் அரசு ஊழியரையும் தண்டிக்கிறது. இவற்றின் முன்னோடியாக 1938ஆம் ஆண்டுச் சட்டம் விளங்குகிறது.

இன்று விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த நம் செஞ்சி, அன்று தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. சென்னை மாகாணத்தின் சட்டம் நம் வட்டத்துக்கும் உரியதாயிற்று. நம் கோட்டைக் குன்றுகளுள் ஒன்றுக்குச் சக்கிலிதுர்க்கம் என்றே பெயர். உழைப்பவன் பெயர் குன்றில் நிலைத்தது; அவன் உரிமை ஊரில் நிலைப்பதற்குப் பல நூற்றாண்டுகள் சென்றன.

இராஜகிரியின் உச்சிக்கு ஏறுவோர் வழியில் ஆழ்ந்த மலைப்பிளவைக் காண்பர். அதைக் கடக்கப் பாலம் வேண்டும். பாலம் இல்லையேல் எதிரே வாயில் இருந்தும் பயனில்லை. சட்டம் தந்த உரிமைக்கும் அதைத் துய்க்க வேண்டிய மனிதனுக்கும் இடையே இத்தகைய பிளவு உண்டு. புகார் எழுதத் தெரியாதவனுக்கும், எந்தப் பிரிவு தன்னைக் காக்கிறது என அறியாதவனுக்கும் சட்டம் எட்டாத உச்சியே. அப்பிளவின்மேல் இடும் பாலம் கல்வி. ஆசிரியராகத் தொடங்கிச் சட்டம் இயற்றுபவராக உயர்ந்த ராஜா அவர்கள் தம் வாழ்வால் உணர்த்துவது இதுவே.

நம் கழகத்தில் பயிலும் இளைஞர்காள்! தேர்வுக்கு மட்டும் படித்து நிறுத்தி விடாதீர். உங்களைக் காக்கும் சட்டங்களையும் படியுங்கள். படிக்காத பெற்றோர்க்கும் அண்டை அயலார்க்கும் அவற்றை எடுத்துக் கூறுங்கள். தடுக்கப்படும் ஒருவர்க்காக ஒரு மனு எழுதித் தருவீர்களாயின், அதுவே அப்பெருந்தலைவர்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.