டாக்டர் நாய்க்கர் போட்ட கையெழுத்து

ஒண்டிக்கடையிலே பஸ்ஸை விட்டிறங்கிக் காப்பித் தோட்டம் நோக்கி நடக்கும் தோழர்கள் அறிய வேண்டிய பெயர் ஒன்று உண்டு. டாக்டர் மான்டி நாய்க்கர்.

சேர்வராயன் மலையிலே வெள்ளைத் துரைமார் காப்பி பயிரிட்ட அதே 19ஆம் நூற்றாண்டில்தான், நம்மவரைக் கப்பலேற்றித் தென்னாப்பிரிக்கக் கரும்புத் தோட்டக் கூலிகளாக்கினர். 1860இல் சென்னையிலிருந்து சென்ற ‘ட்ரூரோ’ கப்பல் முதல் 1911 வரை, ஒன்றரை லட்சம் பேர் நேட்டாலில் இறக்கப்பட்டனர்.

அந்த மண்ணில், டர்பன் நகரில், 1910இல் பிறந்தார் நாய்க்கர். எடின்பரோவில் மருத்துவம் கற்றார். நோயாளியும் வருமானமுமாக நிம்மதியாய் வாழ்ந்திருக்கலாம், வாழவில்லை. மனுக்கொடுப்பதே அரசியல் என்றிருந்த செல்வர்களை விலக்கி, தொழிலாளர் துணையோடு 1945இல் நேட்டால் இந்தியர் காங்கிரசின் தலைவரானார்.

இந்தியர் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று வேலி போட்டது 1946ஆம் ஆண்டுச் சட்டம். ஜூன் 13இல் சட்டமறுப்பு மூண்டது. சுமார் 2,000 பேர் சிறை புகுந்தனர், நாய்க்கரும் புகுந்தார். இந்திய அரசு ஐ.நா. சபையில் வழக்குரைத்தது. ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தலைவர் டாக்டர் சூமா நியூயார்க் சென்றார். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் பால் ராப்சனின் ஆப்பிரிக்க விவகாரக் கவுன்சில் தோள் கொடுத்தது. டர்பனின் துயரம் உலகின் வழக்காயிற்று!

அதுவரை இந்தியர் தமக்கென்றும் ஆப்பிரிக்கர் தமக்கென்றும் தனித்தனியே போராடினர். 1947 மார்ச் 9இல் சூமா, நாய்க்கர், தாதூ எனும் மூன்று டாக்டர்களும் கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர்.

ஏட்டில் எழுதிய ஒற்றுமை நாட்டில் நிலைத்ததா? 1949 ஜனவரியில் டர்பனிலே ஆப்பிரிக்க ஏழைக்கும் இந்திய ஏழைக்கும் கலவரம்; 142 உயிர்கள் பலி. இருவரையும் ஒடுக்கிய நிறவெறி ஆட்சியோ அசையாது நின்றது. ஒப்பந்தத்தைக் கிழித்தெறிய அதைவிடக் காரணம் வேண்டுமா? நாய்க்கர் கிழிக்கவில்லை, ஆப்பிரிக்கத் தலைவர்களோடு சேர்ந்து அமைதிக்கு உழைத்தார்.

அந்த உறுதி பலன் தந்தது. 1952 சட்ட எதிர்ப்பு இயக்கத்தில் 8,000க்கும் மேற்பட்டோர் கைதாயினர். ஆப்பிரிக்கரும் இந்தியரும் சேர்ந்தே சென்றனர். 1956இல் ராஜத்துரோக வழக்கில் பிடிபட்ட 156 பேரில் மண்டேலாவும் இருந்தார், நாய்க்கரும் இருந்தார். பின்னர் ஆண்டுக்கணக்கில் தடையுத்தரவுகள்.

1978இல் அவர் மறைந்தார். எல்லா நிறத்தாரும் வாக்களித்த 1994 தேர்தலைக் காணவில்லை. ஆயினும் அந்த வாக்குச்சீட்டிலே அவர் உழைப்பும் உண்டு. பக்கத்து ஏழையைப் பகைவனாகக் காட்டுவோர் எங்கும் வருவர், தோழர்களே. அன்று அந்தக் கையெழுத்தை நினையுங்கள்!