டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர்!



டீசல்னா ஒரு எண்ணெயோட பேருன்னுதான் நானும் ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன். அது ஒரு மனிதரின் பெயர் என்று எங்கள் அறிவியல் ஆசிரியர் சொன்னதும் வகுப்பே ஆச்சரியப்பட்டது. நூலகத்தில் தேடிப் படித்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18-ல் பாரிஸில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர்கள். 1870-ல் போர் வந்ததால் குடும்பம் லண்டனுக்குப் போக நேர்ந்தது. 12 வயதுப் பையனை மட்டும் ஜெர்மனியில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு மியூனிக்கில் பொறியியல் படித்தார். 1879-ல் டைபாய்டு காய்ச்சலால் இறுதித் தேர்வு எழுத முடியவில்லை. 1880-ல் எழுதி மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றார்!

படிக்கும்போதே ஒரு விஷயம் அவரை உறுத்தியது. நீராவி எந்திரத்துக்கு 100 பங்கு வெப்பம் கொடுத்தால் சுமார் 10 பங்குதான் வேலையாகும். மீதியெல்லாம் வீண்.

சைக்கிளுக்குக் காத்து அடிக்கும்போது பம்பு சுடுமே, கவனிச்சிருக்கீங்களா? காற்றை அமுக்கினால் சூடாகும். சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை நல்லா அமுக்கினால், அந்தச் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். தீப்பொறியே வேண்டாம். இதுதான் அவருடைய வழி. 1893-ல் சோதனையின்போது எந்திரம் வெடித்தது. அவர் விடவில்லை. 1897-ல் 100-க்கு 26 பங்கு வேலை வாங்கிக் காட்டினார்! 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எந்திரம் கடலை எண்ணெயிலேயே ஓடியது.

புகழும் பணமும் வந்தன. ஆனால் தவறான முதலீடுகளால் கடனாளியானார். 1913 செப்டம்பர் 29 இரவு இங்கிலாந்துக்குக் கப்பலில் போனவர், காலையில் அறையில் இல்லை. பின்னர் கடலில் உடல் கிடைத்தது. படிக்கும்போது எனக்கு மனசு கனத்துப்போச்சு.

அதிக அழுத்தத்தைத் தாங்கணும்னா எந்திரம் கனமா இருக்கணும். அதனால் விமானத்துக்கு இது ஒத்துவராது என்று பலர் நினைத்தார்கள். ஆனால் 1928-லேயே அமெரிக்காவில் டீசல் விமானம் பறந்தது. 2004-ல் 4 பேர் உட்காரும் டிஏ42 என்ற குட்டி விமானம், கார் எந்திரத்திலிருந்து உருவான 2 டீசல் எந்திரங்களோடு, கனடாவிலிருந்து போர்ச்சுகல் வரை நடுவில் இறங்காமலே அட்லாண்டிக்கைத் தாண்டியது!

சின்ன விமானங்கள் பலவும் இன்றும் ஈயம் கலந்த பெட்ரோலில்தான் பறக்கின்றன. ஈயம் உடம்புக்குக் கெடுதல். டீசல் எந்திரமோ ஜெட் விமான எரிபொருளிலேயே ஓடும். அதில் ஈயம் இல்லை, செலவாகும் அளவும் குறைவு. ஆனால் எந்திரத்தின் விலை அதிகம். நிறைய மணி நேரம் பறந்தால்தான் போட்ட காசு திரும்பும். கரியமில வாயுவும் வரத்தான் செய்யும். ஆக, டீசல் தொடங்கிய வேலை இன்னும் முடியல.

நண்பர்களே, வீணாகும் 90 பங்கைப் பார்த்து ஒரு மாணவர் கேள்வி கேட்டார். உலகமே மாறியது. நாமும் கேட்போம்!

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி