வாக்குரிமைக்கு வழிகண்ட இரட்டைமலையார்

தேர்தல் அறிவிப்பு வெளிவந்துவிட்டால் போதும். திண்டுக்கல் நகரத்துச் சந்துகளிலும், நிலக்கோட்டை, வேடசந்தூர், ஆத்தூர் வட்டாரத்துச் சிற்றூர்களிலும் நம் தெருவுக்கு வராத கட்சிக் கொடி இல்லை. வேட்பாளர்கள் கூப்பிய கையோடு வருகிறார்கள். பெரியவர்களின் காலைத் தொட்டு வணங்குகிறார்கள். நம் இளைஞர்களுக்கு இது பழகிப்போன காட்சி. ஆனால் நம் பாட்டனார் காலத்தில் நம் வாசலுக்கு வாக்குக் கேட்டு வரவேண்டிய தேவை எவருக்கும் இருந்ததில்லை. கேட்டுப் பெற நம்மிடம் வாக்கே இல்லை. அந்நிலை மாறவேண்டுமென்று முதுமையிலும் கடல் கடந்து சென்று வாதாடிய திவான்பகதூர் இரட்டைமலை சீனிவாசனாரின் வரலாற்றை இவ்வெள்ளிவிழா மலரில் எழுதுவதை நாம் ஒரு கடனாகவே கருதுகிறோம்.

செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் ஊரில் 1860 ஜூலை 7 அன்று அவர் பிறந்தார். இரட்டைமலை என்பது தந்தையாரின் பெயர். கோயம்புத்தூரில் கல்வி பயின்றார். உடன் பயின்றோரில் பெரும்பாலோர் உயர்சாதிப் பிள்ளைகள். தம் சாதி தெரிந்துவிட்டால் என்ன நேருமோ என்றஞ்சி, பள்ளிக்கு வெளியே எங்கேனும் தனித்திருந்து படித்துக்கொண்டிருப்பாராம். மணி அடித்த பிறகே உள்ளே செல்வாராம். இதனைத் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் அவரே பதிவு செய்துள்ளார். அறிவு கற்கப் போன இடத்தில் ஒளிந்து வாழக் கற்க நேர்ந்த அச்சிறுவன்தான், பின்னாளில் தம் பத்திரிகைக்குப் ‘பறையன்’ என்றே பெயர் சூட்டினார். 1893 அக்டோபரில் வெளிவந்த அவ்விதழின் பெயரைக் கேட்டு முகஞ்சுளித்தவர்கள் நம்மவரிலும் உண்டு. அவருடைய தமக்கை கணவரோ தங்கை கணவரோ என்று இளைஞர் வினவக்கூடும். அவருடைய சகோதரியை மணந்தவர் அயோத்திதாசப் பண்டிதர் என்பதே இங்கு வேண்டுவது. பண்டிதர் அப்பெயரை ஏற்கவில்லை. ஒரே குடும்பத்தின் இரு பேரறிஞர்கள், இழிவாக்கப்பட்ட பெயரைத் துறப்பதா, அதையே கொடியாக உயர்த்துவதா என்று மாறுபட்டு நின்றனர். அவ்வழக்கு இன்றும் நம்மிடையே தீர்ந்தபாடில்லை.

அதே 1893 இல், ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் ஒருசேர நடத்தவேண்டுமெனக் காங்கிரசார் கோரினர். இங்கே நடத்தினால் படிப்பு வாய்ப்பை முன்னரே கைப்பற்றிக்கொண்ட சாதியாரே பதவிகளையெல்லாம் அடைவர் என்று கருதிய சீனிவாசனார், 3412 பேரிடம் கையொப்பம் பெற்று, 112 அடி நீளமுள்ள மனுவொன்றை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். இது நாட்டுப்பற்றுக்கு மாறானதென்று குறைகூறியோர் உண்டு. படிக்க விடாமல் தடுக்கப்பட்டவனுக்குப் போட்டித் தேர்வு பொதுவானது என்பது எவ்வகை நீதி என்று அவர்கள் எண்ணிப் பார்த்ததாக நமக்குத் தோன்றவில்லை.

புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்கா சென்ற அவர், தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். காந்தியாருடன் பழக்கமும் அங்கு ஏற்பட்டது. இருபது ஆண்டளவில் வெளிநாட்டில் கழித்துத் தாயகம் திரும்பியபோது வயது அறுபதைக் கடந்திருந்தது.

அப்போது சென்னைச் சட்டசபையில் 132 உறுப்பினர். அவர்களுள் 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டோர். நிலமும் வரியும் உடையோர்க்கே வாக்கு. மாகாண மக்களில் நூற்றுக்கு மூவர் அளவே வாக்காளர். உழுதவன் நம்மவன், பட்டா வேறொருவர் பெயரில். ஆகவே நம் பிரதிநிதிகளை ஆளுநர் நியமித்தார். எம்.சி. ராஜா அவர்கள் முன்னரே அவ்வாறு சபையில் அமர்ந்திருந்தார். 1923 இல் சீனிவாசனாரும் நியமனம் பெற்றார்.

நியமன உறுப்பினர் தலையாட்டிப் பொம்மையாக இருந்து பட்டம் பெற்றுப் போகலாம். இவர் 1924 ஆகஸ்டு 22 அன்று ஒரு தீர்மானம் கொணர்ந்தார். எந்த ஊரிலும் எந்தப் பொதுச்சாலை, தெரு, பாதையிலும் எவ்வகுப்பினரும் நடக்கலாம். பொதுக் கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றைச் சாதி இந்துக்களுக்குரிய அளவிலேயே பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அத்தீர்மானம் நிறைவேறி, 1924 செப்டம்பர் 25 இல் அரசாணையாயிற்று. ஆணை வந்ததும் கிணறுகள் திறந்துவிடவில்லை; அதை நம் சிற்றூர்களில் எந்த முதியவரைக் கேட்டாலும் சொல்வர். எனினும், தடுப்பவன் செய்வது மரபன்று, குற்றமே என்று காட்ட ஒரு தாள் நம் கையில் இருந்தது.

சபையில் பேசப் பேச, ஒன்று அவருக்குத் தெளிவாயிற்று. ஆளுநர் தந்த இருக்கை ஆளுநரின் இருக்கையே. மக்கள் தாமே தந்தால்தான் அது மக்களுடையது. 1930 இல் இலண்டனில் கூடிய வட்டமேசை மாநாட்டுக்கு எழுபது வயதில் அவர் சென்றார். அங்கே டாக்டர் அம்பேத்கரும் அவரும் கூட்டாக அளித்த அறிக்கையை நம் இளைஞர்கள் தேடிப் படிக்கவேண்டும். வயது வந்த அனைவர்க்கும் வாக்குரிமை. முதல் பத்தாண்டுகள் தனித்தொகுதி, அதாவது நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்கும் முறை. அதன்பின் ஒதுக்கப்பட்ட இடங்களுடன் பொதுத்தொகுதி. வயது வந்தோர் வாக்குரிமையின்றிப் பொதுத்தொகுதியை நம் விருப்பத்துக்கு மாறாகத் திணிக்கலாகாது என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. வாக்கில்லாதவனுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தை, வாக்குள்ள பிறரே நிரப்புவர் என்பதை அவ்விருவரும் அறிந்திருந்தனர். எம்.சி. ராஜா அவர்கள் 1932 தொடக்கத்தில் மூஞ்சேயுடன் உடன்பாடு கண்டு பொதுத்தொகுதியை ஏற்றபோது, சீனிவாசனார் அதற்கு உடன்படவில்லை.

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் தனித்தொகுதியை அறிவித்தார். காந்தியார் எரவாடா சிறையில் உண்ணாநோன்பு தொடங்கினார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கையொப்பமிட்டோருள் அம்பேத்கரும், ராஜாவும், சீனிவாசனாரும் இருந்தனர். தனித்தொகுதி போயிற்று. அதற்கீடாக மாகாணச் சபைகளில் 148 இடங்கள். சென்னைக்கு மட்டும் 30. முதற்கட்டத் தேர்தலில் நம் வாக்காளர் மட்டும் நால்வரைத் தேர்ந்தெடுப்பர்; அந்நால்வரில் ஒருவரைப் பொது வாக்காளர் அனைவரும் தேர்ந்தெடுப்பர். எண்ணிக்கை கூடியது, இறுதி முடிவு நம் கையைவிட்டுப் போயிற்று. ஓர் உயிர் ஊசலாடிய நாளில் வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்போர் உண்டு. அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை.

1935 ஆம் ஆண்டுச் சட்டம் வாக்குரிமையைச் சற்றே விரிவாக்கியது. சொத்து, வரி ஆகிய தகுதிகளோடு எழுதப் படிக்கத் தெரிந்திருத்தலும் ஒரு தகுதியாயிற்று. நிலமில்லாத நம்மவர்க்கு அன்று திறந்திருந்த வாயில் பள்ளிக்கூடத்தின் வாயிலே. 1937 தேர்தலில் சென்னையின் 30 ஒதுக்கீட்டு இடங்களில் 26 ஐக் காங்கிரசு கைப்பற்றியது. பெரிய கட்சி நிறுத்திய நம்மவர் வென்றனர். நம் அமைப்புகள் நிறுத்தியவர் ஓரிருவரே தேறினர். வென்றவர் எவருக்குக் கடமைப்பட்டவர் என்ற கேள்வி அன்றே பிறந்துவிட்டது.

1945 செப்டம்பர் 18 அன்று, 85 ஆம் வயதில் சீனிவாசனார் மறைந்தார். அனைவர்க்கும் வாக்குரிமை வழங்கிய முதற் பொதுத்தேர்தல் 1952 இல்தான் நடந்தது.

அதன் விளைவை நம் மாவட்டத்திலேயே காணலாம். அக்காலத்தில் சில தொகுதிகளுக்கு இரண்டு உறுப்பினர். ஒன்று பொது, மற்றொன்று நமக்கு. வாக்காளர்க்கு இரண்டு வாக்குகள். வேட்பாளர் ஒவ்வொருவர்க்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி. 1957 இல் நிலக்கோட்டையிலிருந்து ஏ.எஸ். பொன்னம்மாள் அம்மையார் சட்டமன்றம் புகுந்தார். 1962 இல் சோழவந்தானிலும், பின்னர் பழனியிலும், மீண்டும் நிலக்கோட்டையிலுமாக ஏழு முறை வென்றார். 1980 இல் நிலக்கோட்டையில் அவர் எக்கட்சியையும் சாராத சுயேச்சையாக நின்று வென்றதை நாம் தனியே குறிப்பிட விரும்புகிறோம். 1937 இல் எழுந்த கேள்விக்கு அது ஒரு விடை.

2008 தொகுதி மறுசீரமைப்புக்குப் பின் பழனி பொதுத்தொகுதியாயிற்று. மாவட்டத்தின் ஏழு தொகுதிகளில் நிலக்கோட்டை ஒன்றே நமக்கு ஒதுக்கப்பட்டது; மாநிலம் முழுமைக்கும் 234 இல் 44. அரசியல் சட்டம் இவ்வொதுக்கீட்டை முதலில் பத்தாண்டுக்கே தந்தது. பத்துப் பத்தாண்டாக நீட்டப்பெற்று வந்த அதன் இப்போதைய கெடு, 2030 ஜனவரியில் முடிகிறது.