மீன் தொட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்: ஃபிலிப் ஹென்றி காஸ் கற்றதும், கடற்கரை இழந்ததும்

மீன் தொட்டி வாங்கி வைப்பது ஈஸி. நாலு தங்க மீன், கொஞ்சம் கூழாங்கல், ஒரு டப்பா தீவனம், அவ்வளவுதான். ஆனால் பத்து நாளில் தண்ணீர் கலங்கும். காலையில் எழுந்து பார்த்தால் ஒரு மீன் மேலே மிதக்கும். ஏன் செத்தது என்றே புரியாது.

இதே கேள்விக்கு 170 ஆண்டுகளுக்கு முன்பே விடை தேடியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஃபிலிப் ஹென்றி காஸ். ‘அக்வேரியம்’ என்ற சொல்லை இன்றைய பொருளில் ஊரறியச் செய்தவரும் இவர்தான்.

யார் இந்த காஸ்?

1810-ல் வூஸ்டர் நகரில் பிறந்தார். அப்பா ஊர் ஊராகப் போய்ச் சின்ன உருவப்படங்கள் வரைந்து பிழைத்தவர். குடும்பம் பூல் என்ற துறைமுக ஊரில் குடியேறியது. கடல் உயிரினங்கள் மீது காஸுக்கு ஆர்வம் வந்தது அங்கேதான்.

வசதி இல்லாததால் படிப்பு நீளவில்லை. 17 வயதில் கப்பலேறி நியூஃபவுண்ட்லாந்துக்குப் போய்க் கணக்கு எழுதும் வேலை பார்த்தார். அடுத்து கனடாவில் விவசாயம் செய்தார். கையைச் சுட்டதுதான் மிச்சம். பிறகு அமெரிக்காவின் அலபாமாவில் பள்ளி ஆசிரியராக இருந்தார். போன இடமெல்லாம் பூச்சி, பறவை, செடி என்று பார்த்ததைக் குறித்துக்கொண்டார், வரைந்தார். ஊர் திரும்பி 1840-ல் முதல் புத்தகம் வெளியிட்டார். எழுத்தே தொழிலானது.

தொட்டி எப்படிப் பிறந்தது?

ஓயாத வேலையால் 1852-ல் உடல் நலம் கெட்டது. மனைவி எமிலி, சின்ன மகன் எட்மண்ட் இருவரோடும் டெவன் கடற்கரைக்குப் போனார். பாறைக் குழிகளில் தேங்கிய கடல் நீரில் நண்டு, சின்ன மீன், கடல் சாமந்தி எல்லாம் இருந்தன. இவற்றை வீட்டில் உயிரோடு வைத்துப் பார்க்க முடியுமா என்று யோசித்தார்.

அவருக்கு முன்பே சிலர் முயன்றிருந்தார்கள். லண்டனில் அன்னா தைன் என்ற பெண்மணி 1840-களிலேயே பவளங்களை வளர்த்தார். தண்ணீரில் காற்று கலக்க வேண்டுமே! வீட்டுப் பணிப்பெண் தினமும் அதை ஜன்னலோரம் நின்று பாத்திரம் மாற்றி மாற்றி ஊற்றினார். வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் தங்க மீன்களோடு நீர்ச்செடியும் நத்தையும் வைத்தார். செடி ஆக்சிஜன் தந்தது, அழுகிய இலையை நத்தை தின்றது. அந்தச் சோதனையை 1850-ல் வெளியிட்டார்.

காஸ் இதே வழியைக் கடல் நீரில் முயன்று, சாதாரண மக்களுக்குப் புரியும்படி எழுதினார். 1853-ல் லண்டன் உயிரியல் பூங்காவில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறந்தபோது, அவர் டெவனில் சேகரித்த உயிரினங்களும் அதில் இருந்தன. 1854-ல் ‘தி அக்வேரியம்’ நூல் வந்தது. மறு ஆண்டு, தொட்டி பராமரிப்புக்கென்றே ஒரு கையேடு.

அவர் சொன்ன வழி

முதலில் செடி, அப்புறம்தான் உயிரினம். தண்ணீர் பழகும்வரை காத்திருக்க வேண்டும். கூட்டம் சேர்க்கக் கூடாது. செத்ததை உடனே வெளியே எடுக்க வேண்டும். நேர் வெயில் பட்டால் பாசி பெருகும், அதனால் நிழல் தேவை. நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். எனவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், கடல் நீரை அல்ல.

கடலுக்குத் தொலைவில் இருப்பவர்கள் என்ன செய்வது? சமையல் உப்பு, எப்சம் உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு என நான்கை வைத்துச் செயற்கைக் கடல் நீர் தயாரிக்கும் முறையையும் வெளியிட்டார்.

அவருக்குத் தெரியாத ஒன்று

தண்ணீர் ‘பழகுவது’ ஏன் என்பது அவர் காலத்தில் யாருக்கும் தெரியாது. மீன் கழிவும் மிச்சத் தீவனமும் அம்மோனியா ஆகின்றன. அது மீனுக்கு விஷம். சில பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறு சில அதை ஆபத்து குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ரஷ்ய அறிவியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி இந்த பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தது 1890 வாக்கில். அதற்கு 2 ஆண்டு முன்பே, 1888-ல் காஸ் இறந்துவிட்டார்.

புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் பெருகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் நிறைய மீன் விட்டு, நிறைய தீவனம் போட்டால் அம்மோனியா ஏறிவிடும். பசியால் செத்த மீனைவிட அதிகத் தீவனத்தால் செத்த மீன்தான் நம் வீடுகளில் அதிகம் இருக்கும்.

வெற்றியின் விலை

கண்ணாடி மீதான வரி 1845-ல் நீங்கியிருந்தது. ரயில் வந்திருந்தது. காஸின் புத்தகங்களும் சேர, இங்கிலாந்து முழுக்க மீன் தொட்டி மோகம் பிடித்தது. மக்கள் வாளியோடு கடற்கரைக்குப் படையெடுத்தார்கள். பாறைக் குழிகள் காலியாயின. கொண்டுபோனதில் பெரும்பகுதி தொட்டிகளில் செத்தது. அழகைக் காட்ட எழுதியதே அழிவுக்கு வழியானது கண்டு காஸ் மனம் நொந்தார். மகன் எட்மண்ட் 1907-ல் வெளியிட்ட நினைவு நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

1857-ல் எமிலி புற்றுநோயால் இறந்தார். அதே ஆண்டு, படைப்பு நம்பிக்கையையும் புதைபடிவங்களையும் இணைக்க அவர் எழுதிய நூலை யாரும் ஏற்கவில்லை. கடைசி ஆண்டுகளில் ஆர்க்கிட் செடிகளிலும் நுண்ணுயிர் ஆய்விலும் ஈடுபட்டார்.

நாம் என்ன செய்யலாம்?

* தொட்டியை ஓடவிட்டு, சில வாரம் கழித்து ஒன்றிரண்டு மீனாகச் சேருங்கள்.
* 2 நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவே தீவனம். மிஞ்சினால் எடுத்துவிடுங்கள்.
* வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். முழுசாக மாற்றி, தேய்த்துக் கழுவாதீர்கள்.
* குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால், நீக்கிவிட்டே ஊற்றுங்கள்.
* ஃபில்டர் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். நல்ல பாக்டீரியா குடியிருப்பது அதில்தான்.
* மீன் செத்தால் உடனே இன்னொன்று வாங்காதீர்கள். முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். அம்மோனியா பார்க்கும் கிட் மீன் கடையிலேயே கிடைக்கும்.