உருளைகளுக்கு நடுவே ஓர் உண்மை

விண்மீன்களை ஆராய்ந்த மேதை என்றே சுப்பிரமணியன் சந்திரசேகரை நாம் அறிவோம். இரண்டு உருளைகளுக்கு நடுவே உள்ள சிறு இடைவெளியையும் அவர் ஆராய்ந்தார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1910 அக்டோபர் 19 அன்று லாகூரில் பிறந்த இவர், சென்னையில் வளர்ந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். 1930இல் கேம்பிரிட்ஜ் செல்லும் வாய்ப்பு வந்தபோது தாயார் சீதாலட்சுமி நோயுற்றிருந்தார். மகன் தயங்கினார், தாயாரே போகச் சொன்னார். மறு ஆண்டே அவர் காலமானார். மகனோ கடல் கடந்து இருந்தார்.

கப்பலில் அவர் தொடங்கிய கணக்கு ஒரு பெரிய முடிவைத் தந்தது. வெண்குறு விண்மீனின் நிறை, சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்ட முடியாது என்பதே அது. 1935இல் லண்டனில் இதை அவர் எடுத்துரைத்தபோது, புகழ்பெற்ற எடிங்டன் அவையினர் முன்னே எள்ளி நகையாடினார். சந்திரசேகர் மனம் நொந்தார். ஆனால் பகை பாராட்டவில்லை. 1939இல் தம் ஆய்வை நூலாக்கிவிட்டுப் புதிய துறைகளை நாடினார்.

அவற்றுள் ஒன்றுதான் உருளைகளின் ஆய்வு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பணிபுரியும் நம் தந்தையர் பலருக்குத் தெரியும்: சுழலும் ஷாப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம் உண்டு. அதுபோல ஓர் உருளைக்குள் மற்றோர் உருளையை வைத்து, இடையே நீரை நிரப்பி, உள் உருளையை மெல்லச் சுழற்றினால் நீர் கலையாமல் அடுக்கடுக்காக வழுக்கிச் செல்லும். வேகம் ஓர் எல்லையைத் தாண்டியதும், அடுக்கி வைத்த வளையல்களைப் போல் சுழல்கள் தோன்றும். இடைவெளி குறுகினால் அந்த எல்லை உயரும். இதை 1923இல் டெய்லர் விளக்கினார். நீருக்குப் பதில் மின்சாரத்தைக் கடத்தும் திரவமும், கூடவே காந்தப்புலமும் இருந்தால் சுழல்கள் தோன்றத் தாமதமாகும் என்று சந்திரசேகர் கணக்கிட்டார். பின்னர் பாதரசத்தைக் கொண்டு செய்த சோதனை அதை மெய்ப்பித்தது. 1961இல் இவற்றையெல்லாம் பெருநூலாக்கினார்.

அன்று நகைக்கப்பட்ட ஆய்வும் வீண்போகவில்லை. 1983இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. 1995 ஆகஸ்ட் 21 அன்று சிகாகோவில் மறைந்தார்.

கரும்பலகை முன் தவறாகச் சொல்லிவிட்டால், வகுப்பே சிரிக்குமே என்று நாம் கை உயர்த்த அஞ்சுகிறோம். அவரோ சரியாகச் சொல்லியும் சிரிப்பைத் தாங்கினார். தோழியரே, இனி நாம் அஞ்சாமல் கை உயர்த்துவோம். பிறர் உயர்த்தும்போது சிரிக்காமலும் இருப்போம்!